உண்டியலும் பேரேடும்

உண்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் மனத்தில் எழுவது, திருவிழாக் கடையில் வாங்கிய மண் கலயமும் அதன் தலையில் கீறிய ஒரு வெட்டும்தான். கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் துணி சுற்றிய உண்டியல் நினைவுக்கு வரலாம். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் காரைக்குடியில் ஒரு வணிகரிடம் இச்சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் கலயத்தை நினைத்திருக்க மாட்டார். ஓர் ஊரில் கட்டிய பணத்தை இன்னோர் ஊரில் பெற்றுக்கொள்வதற்கான மாற்றுச் சீட்டுக்கே அவர் உண்டியல் என்று பெயர் சொல்லியிருப்பார். வடபுலத்தில் ஹுண்டி என்று வழங்கியதும் இதுவே. வெளிநாட்டிலிருந்து முறைசாரா வழியில் பணம் அனுப்புவதை உண்டியல் என்று சொல்லும் வழக்கு ஈழத்தமிழரிடையே இன்றும் இருக்கிறது.

ஆக, ஊர்விட்டு ஊர் பணத்தை நடமாட வைத்த ஒரு தாளின் பெயர், பணத்தை அடைத்துவைக்கும் ஒரு பாண்டத்திற்கும் உரியதாகி, நாளடைவில் தமிழகத்தில் பாண்டமே நிலைத்துவிட்டது. சொற்கள் இப்படிப் பொருள் மாறுவது புதிதன்று. எனினும் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பழக்கிய வரலாற்றைப் புரட்டும்போது இந்த ஒரு சொல்லின் மாற்றத்தில் அவ்வரலாற்றின் ஒரு பெரும் பகுதி அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. நம் முன்னோர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது கணக்கு. இருபதாம் நூற்றாண்டு கற்றுக்கொடுத்தது சேமிப்பு. இரண்டும் ஒன்றென்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் திண்ணைப் பள்ளி. சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகளையும் உள்ளடக்கிய மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். இப்பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதி அரிச்சுவடி கற்றதையும், ஔவையாரின் நீதிநூல்களை நெட்டுருச் செய்ததையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். இலக்கியக்காரர்களாகிய நமக்கு அதுவே இனிக்கிறது. ஆனால் அதே திண்ணையில் அதே பிள்ளை நாளின் பெரும்பொழுதை எண்சுவடியில் கழித்தான் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

எண்சுவடி என்பது வாய்பாட்டு நூல். இன்றைய வாய்பாட்டைப்போல ஓரிரண்டு இரண்டு என்பதோடு அது நின்றுவிடாது. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, மா, காணி, முந்திரி என்று மேலும் நுணுகும். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒன்று. பொன்னிலக்கம் பணத்திற்கு, நெல்லிலக்கம் தானியத்திற்கு, குழிமாத்து நிலத்திற்கு. நெல்லிலக்கத்தில் ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று ஏறி, பன்னிரண்டு குறுணியில் ஒரு கலம் நிறையும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். பிரம்பும் கோதண்டமும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. அப்பிள்ளை மனனம் செய்த அளவுகள் எல்லாம் அவன் வீட்டில் புழங்கிய அளவுகள். காலையில் பள்ளியில் சொன்ன உழக்கும் நாழியும் மாலையில் அம்மா அரிசி அளக்கும்போது அவன் கண்முன் இருந்தன. களத்தில் கூலி அளக்கும்போது குறுணி இருந்தது. களத்தில் நெல் அளப்பவர் ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்லித் தொடங்குவதை அவன் கேட்டிருக்கிறான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று வந்தபோது, ஓர் அணா என்பது ரூபாயின் மாகாணி என்று யாரும் தனியாகச் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக் கணிதத்தை விரிவாக ஆராய்ந்து 2022இல் நூல் வெளியிட்ட செந்தில் பாபு, இக்கல்வி வேலைக்களத்தோடும் அளவைத் தொழில்களோடும் கொண்டிருந்த உறவை எடுத்துக்காட்டியிருக்கிறார். வெற்று நெட்டுரு என்று காலனியக் கல்வியதிகாரிகள் ஒதுக்கியதில் ஒரு நடைமுறை அறிவு இருந்தது என்பதை அதன்பின் மறுப்பது கடினம்.

இதைச் சொல்லும்போதே அத்திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். மன்றோ கணக்கின் 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் ஐயாயிரம் பேர்கூட இல்லை. களத்தில் கூலியாக நெல் வாங்கியவனின் மகன் பெரும்பாலும் அத்திண்ணையை நெருங்க முடியாது. எனவே குறுணியில் ஓர் உழக்குக் குறைந்தால் கண்டுபிடிக்கும் அறிவு அளந்து கொடுப்பவனிடம் இருந்தது. அளந்து வாங்குபவனிடம் இல்லை. பழம்பெருமை பேசுவோர் இந்த இடத்தில் சற்று நின்று போவது நல்லது.

திண்ணைக் கணக்கை வீட்டு ஒழுக்கமாகவே ஆக்கிக்கொண்டவர்கள் என்று நாட்டுக்கோட்டை நகரத்தாரைச் சொல்லலாம். செட்டிநாட்டின் பெரிய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பார்த்து வியந்துவிட்டு வருகிறார்கள். அவ்வீடுகளின் வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு அறைகளைத்தான் நாம் பார்க்கச் சொல்வோம். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. மணமாகிச் சில காலத்தில் அவனையும் அவன் மனைவியையும் பெற்றோர் வேறு வைத்துவிடுவார்கள். வேறு வைத்தல் என்பது வீட்டைவிட்டு அனுப்புவதன்று. அதே கூரை, அதே வளவு. ஆனால் தனி அடுப்பு. ஓராண்டுக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்த வேண்டும். பக்கத்து அறையில் தாயின் அடுப்பு எரியும். அவள் கோடீசுவரரின் மனைவியாகவே இருப்பாள். ஆனாலும் மருமகளின் பானையில் அரிசி தீர்ந்தது மகனின் கணக்குத்தான்.

வெளியார் பலர் இதைக் கருமித்தனம் என்று எழுதியிருக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பதினெட்டு, இருபது வயது இளைஞனுக்கும் அவனினும் இளைய பெண்ணுக்கும், விழுந்தாலும் அடிபடாத உயரத்தில், ஒரு முழுக் குடும்பத்தின் வரவு செலவை ஒப்படைப்பது இது. தவறினால் திருத்த ஆள் பத்தடி தூரத்தில் இருக்கிறார். மணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்பட்டு, கோயில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்று கட்டினான். ஊர்ப் பொதுவுக்குக் கடமைப்பட்டவன் என்பதும் பணப் பழக்கத்தில் ஒரு பாடம்.

அதற்கு முன்பே பையனுக்குப் பயிற்சி தொடங்கிவிடும். எண்சுவடியோடு வட்டிக் கணக்கு. மீசை அரும்பும் முன் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். பெட்டியடியில் உட்காருவதென்றால் பணப்பெட்டியின் அருகே இருந்து எடுப்பு வேலை செய்வது, பெரியவர்கள் சிட்டை எழுதுவதைப் பார்ப்பது, அன்றைய வரவு செலவு மாலையில் நேர்ப்படும்வரை எழுந்திராமல் இருப்பது. பிறகு அடுத்தாள். பிறகு மேலாள். ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ மூன்றாண்டுத் தவணைக்குப் போகும்போது சம்பளம் முன்கூட்டியே பேசப்பட்டு, ஒரு பகுதி முன்பணமாகவும் கிடைக்கும். அது வீட்டில் தூங்காது. எங்காவது வட்டிக்குப் போய்விடும். பேரேடு, ஐந்தொகை என்ற சொற்களெல்லாம் இன்றைய வணிகவியல் பாடநூலில் வறண்டு கிடக்கின்றன. அந்தப் பையனுக்கு அவை தச்சனின் மகனுக்கு உளியும் இழைப்புளியும் போலப் பழக்கமானவை.

இக்கதை இனிதாக முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, பர்மிய உழவர்கள் கடனைக் கட்ட முடியாமற்போக, அடகு நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்களது நிலப்பங்கு, 1938 வாக்கில் இருபத்தைந்தாகிவிட்டது. நிலத்தை இழந்த பர்மியர் பார்வையில் அந்தத் துல்லியமான பேரேடு எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு போர் வந்தது. 1942இல் பலர் அனைத்தையும் விட்டுவிட்டுத் திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. ஏடுகளில் ஒரு காலணாப் பிழைகூட இருந்திருக்காது. ஏட்டில் இருந்த நிலம்தான் கையில் இல்லை.

பெண்களிடம் இருந்தது வேறு வகைப் பள்ளி. சிறுவாடு என்ற சொல்லின் அழகை விளக்க வேண்டியதில்லை. மோர் விற்றது, முட்டை விற்றது, கணவன் தந்த வீட்டுச் செலவில் மிஞ்சியது என்று அடுக்குப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்ந்த பணம். உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் போடும் பிடியரிசிப் பழக்கமும் அவர்களுடையதே. பஞ்ச காலங்களில் எத்தனையோ குடும்பங்களை இவை காத்திருக்கின்றன. ஆயினும் சிறுவாடு எழுதப்படாத பணம் என்பதைக் கவனியுங்கள். எழுதினால் கணவனுக்குத் தெரிந்துவிடும். ஆண்பிள்ளை கற்றது வெளிச்சத்தில் எழுதும் கணக்கு. பெண்பிள்ளை தாயிடம் கற்றது இருட்டில் ஒளிக்கும் சிக்கனம். குடும்பம் ஒன்றுதான்.

இடையில் ஒரு சிறு இலக்கியக் குறிப்பு. வரவின் அளவறிந்து கொடுப்பதையும் வாழ்வதையும் பற்றிய குறள்களை வள்ளுவர் இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசனுக்குரிய வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். படையின் வலியையும் பகைவன் வலியையும் எடைபோடச் சொல்லும் அதே அதிகாரத்தில், கருவூலத்தின் வலியையும் எடைபோடச் சொல்கிறார். நம் மேடைகளில் இக்குறள்கள் குடும்பத் தலைவிக்குச் சொல்லும் சிக்கன உபதேசமாகச் சுருங்கிவிட்டன. அதிகாரத் தலைப்பைச் சேர்த்துப் படித்தால் அங்கே பேசப்படுவது அறிவு என்பது புலப்படும். அடக்கத்தை அங்கே தேட வேண்டியதில்லை.

சேமிப்பை ஒரு நற்பண்பாகப் பரப்பும் வேலையை அரசு எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. உழவர் கடனை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் தந்த அறிக்கைகளும் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமும் அடுத்து வந்தன. நிக்கல்சன் விரும்பியது ஒருவரையொருவர் அறிந்த சிறு கிராமச் சங்கங்களை. ஆனால் நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு நம்பிக்கை வேறிடத்தில் இருந்தது. சென்னை அர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் முறிந்தபோது ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில் நிதிகள், வழக்கறிஞர்கள் எனப் பலரது சேமிப்பு மூழ்கியது. ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் கொதிப்பில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. பணம் போட்டவர்கள் ஊதாரிகள் அல்லர். சிக்கனத்தில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க முடியாது. போட்ட இடத்தின் ஐந்தொகை எப்படியிருக்கிறது என்று கேட்கும் வழக்கம்தான் அவர்களிடம் இல்லை.

1924இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு உலகச் சிக்கன நாளை அறிவித்தது. தமிழகத்தில் அது அக்டோபர் 30 அன்று கொண்டாடப்படுகிறது. பள்ளிகளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடக்கும். எறும்பும் தேனீயும் தவறாமல் வரும். இப்போட்டிகளுக்கு நடுவராகச் சென்ற வகையில் நமக்கு எறும்பின் மீதே ஒரு சலிப்பு வந்துவிட்டது. எறும்பு சேர்ப்பதை எல்லாக் குழந்தைகளும் எழுதுகிறார்கள். தம் வீட்டுக்கு மாதம் எவ்வளவு அரிசி வேண்டும், அது என்ன விலை என்று எழுதிய கட்டுரையை நாம் இன்னும் படிக்கவில்லை.

இதற்கிடையே 1957 ஏப்ரல் முதல் நாளில் பத்தடிமான நாணயம் வந்தது. அணாவும் தம்பிடியும் போயின. தொடர்ந்து படியும் மரக்காலும் போய்க் கிலோவும் லிட்டரும் வந்தன. கணக்கு எளிதாயிற்று, ஐயமில்லை. ஆனால் எண்சுவடியின் பின்னங்களும் வீட்டின் அளவுகளும் கைகோத்திருந்த நிலை அத்தோடு முடிந்தது. பள்ளிக் கணக்குப் பள்ளியில் நின்றுவிட்டது.

1970களிலிருந்து பள்ளிகளில் பரவிய சஞ்சாயிகா நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம். பள்ளிக்குள்ளேயே ஒரு வங்கி. மாணவர்களே பணம் வாங்கி, மாணவர்களே பதிந்து, மாணவர்களே திருப்பித் தர வேண்டும். ஆசிரியர் மேற்பார்வை மட்டும் செய்வார். எழுத்தில் இருந்தபடி நடந்திருந்தால் அது பெட்டியடியின் மறுபிறப்பாகவே இருந்திருக்கும். நாம் படித்த பள்ளியில் வகுப்பாசிரியர் பணத்தை வாங்கி அவரே அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். ஆண்டு முடிவில் தொகை திரும்ப வந்தது. அதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. ஆனால் பற்று எது, வரவு எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மண் கலயத்துக்குப் பதில் ஓர் அட்டை. அவ்வளவே.

அப்படி வளர்ந்த தலைமுறைதான் 1990களில் தனியார் நிதி நிறுவனங்களின் வாசலில் வரிசையில் நின்றது. நூற்றுக்கு இருபத்து நான்கு, முப்பத்தாறு என்று வட்டி பேசினார்கள். இவ்வளவு வட்டி கொடுக்க அவன் எந்தத் தொழிலில் எவ்வளவு ஈட்ட வேண்டும் என்று வட்டிச் சிட்டை படித்த ஒரு பெட்டியடிப் பையன் ஒரு நிமிடத்தில் கேட்டிருப்பான். மூழ்கிய பணத்தின் அழுகையைக் கேட்டு 1997இல் வைப்பீட்டாளர் நலனுக்கெனத் தமிழக அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. சட்டம் வந்த பிறகும் இக்கதை புதுப்புதுப் பெயர்களில் தொடர்வதை நாளேடுகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பேரேடு முற்றிலும் செத்துவிடவில்லை. மதுரை, தேனிப் பக்கத்து வீடுகளில் மொய் நோட்டைத் தாலிக்கு அடுத்தபடியாகப் பாதுகாப்பார்கள். யார் எவ்வளவு செய்தார், நாம் திருப்பி எவ்வளவு செய்தோம் என்பது இரண்டு தலைமுறைக்கு இருக்கும். புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து வட்டியில்லாக் கடன் சந்தையாகவே வளர்ந்தது. விசேஷத்தில் மொய் எழுத, கையெழுத்து நன்றாயிருக்கும் பையனைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். பக்கத்தில் பணம் எண்ணும் பெரியவர் ஒருவர். பந்தி முடிந்து நோட்டும் பையும் ஒத்துவரும்வரை அவன் எழ முடியாது. நம் மாணவர்களில் கணக்கெழுதத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இந்த மேசையில் பயின்றவர்கள்.

இவ்வரலாற்றின் பெரிய திருப்பம் 1989இல் தருமபுரியில் தொடங்கியது என்பது நம் கருத்து. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசு அங்கே தொடங்கிய மகளிர் குழுக்கள், பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடி வாரந்தோறும் சிறு தொகை போட்டுத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வது முறை. ஊக்குநர், பிரதிநிதி என இருவர் பொறுப்பு. தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கடன் பேரேடு எல்லாம் உண்டு. எழுதத் தெரியாதவர்கள் இருந்த குழுவில் எட்டாம் வகுப்புப் படித்த மகளைக் கூட்டிவந்து எழுத வைத்தார்கள். அவள் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுச் சரி என்றார்கள். திண்ணையில் இடமில்லாதிருந்த ஒரு குலத்தின் பெண்பிள்ளை, இருபது பேரின் பற்று வரவை ஊர் நடுவில் உட்கார்ந்து வாசிக்கிறாள். சிறுவாடு முதன்முறையாக வெளிச்சத்தில் எழுதப்பட்டது. இக்குழுக்களைக் கட்சிகள் பயன்படுத்தியதும், நுண்கடன் நிறுவனங்கள் பின்னால் புகுந்து கடன்மேல் கடனாக ஏற்றியதும் தனிக்கதை. அதையும் யாராவது எழுத வேண்டும்.

2016இல் யுபிஐ வந்தபின், செலவிடும் ஒவ்வொரு காசுக்கும் கைப்பேசியே கணக்கெழுதி வைக்கிறது. நகரத்தார் கடையில்கூட இத்தனை துல்லியம் இருந்ததில்லை. அந்த ஏட்டைப் பிரித்து மாலையில் நேர்பார்க்க வீட்டில் ஆளில்லை.

நாட்டார் வழக்காற்றியல் தாளுக்காக, வீட்டில் கிடைக்கும் ஏதேனும் கையெழுத்துக் கணக்கைக் கொண்டுவருமாறு ஆண்டுதோறும் மாணவர்களைக் கேட்பது நம் வழக்கம். மொய் நோட்டுகள் வரும். மளிகைக் கடைச் சிட்டை வரும். குழுப் புத்தகத்தின் நகல் வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி நாள்காட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பால் வாங்காத நாள்களில் அவருடைய அப்பத்தா சுழித்திருந்தார். ஒவ்வொரு மாத அடியிலும் பால்காரருக்குச் சேரவேண்டிய தொகை பென்சிலில் இருந்தது. எழுத்து மட்டும் வேறு வேறாக இருந்தது. கேட்டோம். பேரப்பிள்ளைகள் ஐந்து பேர், மாதம் ஒருவர் முறை, தப்பாகப் போட்டால் அடுத்த மாதமும் அவரே போட வேண்டும் என்றார். மார்ச்சும் ஏப்ரலும் ஒரே கையெழுத்தில் இருந்தன.